அத்தியாயம் 4: செய்த வேலையிலிருந்து பாடம் எடுப்பது

ஆலோசனை நிறுவனத்தில் சேரும் ஒருவருக்கு முதல் சில ஆண்டுகளில் கிடைக்கும் வாய்ப்பு வேறு வேலைகளில் எளிதில் அமையாது. ஜனவரியில் ஒரு சிமென்ட் ஆலையின் சரக்குப் போக்குவரத்துச் செலவு, மே மாதம் ஒரு மருத்துவமனையின் காப்பீட்டு பில் நிலுவை, செப்டம்பரில் ஒரு வங்கியின் கடன் விண்ணப்ப நடைமுறை என்று ஒன்றன்பின் ஒன்றாக வேலை வரும். ஒரு தொழிலின் உள்ளே போய், அதன் கணக்குகளைப் புரட்டி, அதை நடத்துகிறவர்களோடு உட்கார்ந்து பேசி, சில வாரங்களில் வெளியே வருகிறோம். இருபத்து மூன்று வயதில் ஓர் ஆலையின் முதலாளியிடம் "இந்தச் செலவு ஏன் கூடியது?" என்று நேருக்கு நேர் கேட்கும் உரிமை இந்த வேலையில்தான் கிடைக்கிறது.

ஆபத்தும் அந்த வேகத்திலேயே இருக்கிறது. ஒரு ப்ராஜெக்ட் முடியும் வெள்ளிக்கிழமைக்கும் அடுத்தது தொடங்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் இரண்டு நாள்தான். பழைய கோப்புகள் மூடப்படும். புதிய தொழிலின் சொற்களைப் பழகத் தொடங்கிவிடுவோம். முந்தைய வேலையில் என்ன கற்றாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள். மூன்று ஆண்டுகளில் பத்துப் பன்னிரண்டு ப்ராஜெக்டுகளைப் பார்த்த ஒருவரிடம், "மருத்துவமனைகளுக்குக் காப்பீட்டுப் பணம் ஏன் தாமதமாக வருகிறது?" என்று கேட்டால், தாம் செய்த வேலையே நினைவுக்கு வராமல் தடுமாறுகிறார். அவர் உழைப்பில் குறை வைக்கவில்லை. உழைத்ததிலிருந்து பாடத்தைப் பிரித்தெடுக்க நேரம் ஒதுக்கவில்லை.

இந்த அத்தியாயம் சொல்ல வருவது ஒன்றுதான்: வேலை தானாகக் கற்றுத் தராது, பாடத்தை அதனிடமிருந்து நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். அதற்குச் சில பழக்கங்கள் உண்டு. கோர்ஸ்களும் சான்றிதழ்களும் அந்தப் பழக்கங்களுக்குப் பிறகுதான் வருகின்றன.

நான்கு வகை அறிவு

"தொடர்ந்து கற்க வேண்டும்" என்று எல்லோரும் சொல்வார்கள். எதைக் கற்பது என்று பிரித்துக்கொண்டால்தான் அது நடக்கும்.

முதலாவது, கைவேலை. எக்செல்லில் பிழையில்லாத மாடல் கட்டுவது, தெளிவான ஸ்லைடு எழுதுவது, ஒருவரைச் சந்தித்துக் கேள்வி கேட்டு விவரம் வாங்குவது, கூட்டம் முடிந்த அன்றே குறிப்பு அனுப்புவது. முதல் ஆண்டில் உங்களை நம்பி வேலை கொடுப்பதா வேண்டாமா என்பதை இதை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

இரண்டாவது, தொழிலறிவு. ஒரு தொழிலில் பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே முடங்குகிறது, எதற்கு யாரை நம்பியிருக்கிறது என்ற புரிதல்.

மூன்றாவது, சட்டமும் விதிகளும். இவை கல்லூரியில் படித்தபடியே நிற்பதில்லை. 2017 ஜூலை 1 அன்று வந்த ஜிஎஸ்டியின் விகித அடுக்குகள் 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய அளவில் மாறின. 1961-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்ற ஏற்பாட்டோடு 2025-ஆம் ஆண்டின் புதிய சட்டம் நிறைவேறியது. வாடிக்கையாளர் விவரங்களைக் கையாளும் எந்த நிறுவனத்துக்கும் 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் புதிய கடமைகளைக் கொண்டுவந்தது. நீங்கள் வரி ஆலோசகராக இல்லாவிட்டாலும், கிளையன்டின் கணக்கை இவை மாற்றும்போது உங்கள் பரிந்துரையும் மாற வேண்டியிருக்கும்.

நான்காவது, மனிதர்கள். யார் முடிவெடுக்கிறார், யார் அதைச் செயல்படுத்துகிறார், மாற்றத்தால் யாருக்கு நஷ்டம் என்று கண்டுகொள்வது. நல்ல அறிக்கைகள் பல, இந்த அறிவு இல்லாததால் மேசையிலேயே தங்கிவிடுகின்றன.

முதல் ஆண்டில் கைவேலைக்குப் பெரும்பங்கு கொடுங்கள். இரண்டாம் ஆண்டில் ஒன்றிரண்டு தொழில்களை ஆழமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஆண்டு முடிவதற்குள், அலுவலகத்தில் பிற டீம்களில் இருப்பவர்களும் உங்களைத் தேடி வந்து கேட்கும் பொருள் ஒன்றாவது இருக்க வேண்டும்.

திருத்தப்பட்ட டிராஃப்டை விட்டுவிடாதீர்கள்

இளம் ஆலோசகருக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த பாடம், தான் எழுதிக் கொடுத்ததற்கும் கிளையன்டுக்குப் போனதற்கும் நடுவே உள்ள வித்தியாசத்தில் இருக்கிறது. நீங்கள் ஒரு ஸ்லைடு கொடுக்கிறீர்கள். மேனேஜர் இரவு பதினொரு மணிக்கு அதைத் திருத்துகிறார். காலையில் அது கிளையன்டுக்குப் போய்விடுகிறது. பெரும்பாலோர் திருத்திய வடிவத்தைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அனுபவமுள்ள ஒருவர் உங்களுக்காக மட்டும் நடத்திய வகுப்பு அது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கோயம்புத்தூரில் விவசாய பம்பு செட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கையில் பணத் தட்டுப்பாடு இருக்கிறது, காரணம் கண்டுபிடித்துத் தாருங்கள் என்று கேட்கிறார்கள். நீங்கள் ஒரு வரைபடம் போட்டு, "டீலர் வாரியாக நிலுவைத் தொகை" என்று தலைப்பு எழுதுகிறீர்கள். திருத்திய வடிவத்தில் தலைப்பு இப்படி இருக்கிறது: "நிலுவையில் பாதிக்கு மேல் ஐந்து டீலர்களிடம் நிற்கிறது; அவர்களில் நால்வர் ஒரே விற்பனை அதிகாரியின் பகுதியைச் சேர்ந்தவர்கள்." வரைபடம் மாறவில்லை, எண்களும் மாறவில்லை. உங்கள் தலைப்பு ஸ்லைடில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொன்னது. மேனேஜரின் தலைப்பு அதிலிருந்து என்ன தெரிகிறது என்று சொல்லி, அடுத்த கேள்வியையும் எழுப்புகிறது.

இப்படி எழுதுவதற்கு ஒரு மரபு உண்டு. 1963-இல் மெக்கின்சியில் சேர்ந்த பார்பரா மின்டோ, அங்கிருந்த ஆலோசகர்களின் எழுத்தைச் செம்மைப்படுத்தும் பொறுப்பை ஏற்றபோது உருவாக்கிய பிரமிட் முறை இன்றும் உலகெங்கும் ஆலோசனை நிறுவனங்களில் கற்பிக்கப்படுகிறது. முடிவை முதலில் சொல், அதைத் தாங்கும் காரணங்களை அதன் கீழே வை, ஒவ்வொரு காரணத்தின் கீழும் அதற்கான ஆதாரத்தை வை என்பதுதான் அதன் சாரம். பயிற்சி வகுப்பில் இதை ஒரு மணி நேரத்தில் கேட்டுவிடலாம். கைக்கு வருவது, உங்கள் ஸ்லைடுகள் திருத்தப்படுவதைத் திரும்பத் திரும்பக் கவனிக்கும்போதுதான்.

ஒவ்வொரு முக்கியமான டிராஃப்டுக்கும் இதைச் செய்யுங்கள். உங்கள் வடிவத்தையும் இறுதி வடிவத்தையும் அருகருகே திறந்துவையுங்கள். ஒவ்வொரு திருத்தத்தையும் கீழுள்ள நான்கில் ஒன்றில் சேருங்கள்:

1. உண்மைப் பிழை: எண் தவறு, பெயர் தவறு, மூலக் கோப்போடு பொருந்தவில்லை.
2. தர்க்கப் பிழை: ஆதாரம் சொல்வதைவிட முடிவு அதிகம் சொல்கிறது, அல்லது நடுவில் ஒரு படி விடுபட்டிருக்கிறது.
3. முக்கியத்துவம்: முதலில் வரவேண்டியது கடைசியில் கிடக்கிறது.
4. தொனி: கிளையன்டின் ஆட்களைக் குற்றம் சாட்டுவதுபோல் ஒலிக்கிறது.

இரண்டு மாதம் இந்தக் கணக்கை வைத்துப் பாருங்கள். உங்கள் திருத்தங்கள் எந்த வகையில் குவிகின்றன என்று தெரிந்துவிடும். உண்மைப் பிழைகள் குவிந்தால், அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு எண்ணையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு சோதனைப் பட்டியல் உங்களுக்கு வேண்டும். தர்க்கப் பிழைகள் குவிந்தால், எழுதத் தொடங்குமுன் வாதத்தை ஐந்து வரியில் ஒரு தாளில் எழுதி மேனேஜரிடம் காட்டும் பழக்கம் வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறுவேறு. "இன்னும் கவனமாக இருப்பேன்" என்ற பொதுவான தீர்மானத்தால் இரண்டுமே தீராது.

ஓர் எண்ணை மூன்று முறை விசாரியுங்கள்

அதே பம்பு நிறுவனத்துக்குத் திரும்புவோம். ஆண்டு விற்பனை 120 கோடி ரூபாய். மார்ச் 31 அன்று டீலர்களிடமிருந்து வரவேண்டிய நிலுவை 30 கோடி. பாடப்புத்தகச் சூத்திரப்படி, 30-ஐ 120-ஆல் வகுத்து 365-ஆல் பெருக்கினால் 91 நாள். "டீலர்கள் பணம் கொடுக்க மூன்று மாதம் எடுக்கிறார்கள், கடன் கெடுவை இறுக்குங்கள்" என்று எழுதிவிடத் தோன்றும்.

முதல் விசாரணை: இந்தத் தொழிலில் விற்பனை ஆண்டு முழுவதும் ஒரே சீராக நடக்கிறதா? விவசாய பம்பு கோடையை ஒட்டி அதிகம் விற்கும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான மூன்று மாதங்களில் மட்டும் விற்பனை 45 கோடி என்று வைத்துக்கொள்வோம். மார்ச் கடைசியில் நிற்கும் நிலுவை பெரும்பாலும் இந்த விற்பனையிலிருந்து வந்தது. 30-ஐ 45-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்கினால் 60 நாள்.

இரண்டாவது விசாரணை: இரண்டு எண்களும் ஒரே அளவுகோலில் இருக்கின்றனவா? லாப நட்டக் கணக்கில் காட்டும் விற்பனையில் ஜிஎஸ்டி சேராது. டீலர் தரவேண்டிய தொகையில் ஜிஎஸ்டி சேர்ந்திருக்கும். வரி 18 சதவீதம் என்றால், 30 கோடியில் பொருளின் விலை சுமார் 25.4 கோடிதான். இப்போது கணக்கு 51 நாளுக்கு இறங்குகிறது.

மூன்றாவது விசாரணை: இந்தச் சராசரி யாரை மறைக்கிறது? ஐந்து டீலர்களிடம் பாதிக்கு மேல் நிற்கிறது என்று முன்பே பார்த்தோம். மற்றவர்கள் நேரத்தில் கொடுக்கிறார்கள். எல்லா டீலர்களின் கெடுவையும் இறுக்கினால், ஒழுங்காகப் பணம் கட்டுபவர்கள் வேறு பிராண்டுக்குப் போய்விடலாம்.

91 நாள் என்ற எண்ணோடு போயிருந்தால், கிளையன்டின் விற்பனைத் தலைவர் முதல் ஐந்து நிமிடத்திலேயே உங்கள் அறிக்கையை ஒதுக்கியிருப்பார், அதில் நியாயமும் இருந்திருக்கும். 51 நாள் என்று தெரிந்த பிறகு, பணம் முடங்கும் இடம் வேறு எங்கோ இருக்கலாம் என்ற சந்தேகம் வருகிறது. கோடைக்காக முன்கூட்டியே செய்து அடுக்கிய சரக்கில் முடங்கியிருக்கலாம். சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டிய கெடுவையும் பார்க்க வேண்டும். பம்பின் வார்ப்புகளைத் தரும் ஃபவுண்டரிகளில் பல, குறு அல்லது சிறு நிறுவனங்களாக இருக்கும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் அவர்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். 2023-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் இதோடு வருமான வரியையும் இணைத்தது: கெடு தாண்டி நிற்கும் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழித்துக்கொள்ள முடியாது, உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். 51 நாளில் வசூலாகும் பணத்தை வைத்து 45 நாளில் கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்றால், அந்த இடைவெளிக்கு வங்கிக் கடனோ சொந்த முதலோ வேண்டும். சூத்திரம், பருவம், வரி, சட்டம் என்று நான்கையும் தொட்ட பிறகுதான் அந்த ஒற்றை எண் உங்களுக்குப் புரிகிறது.

இந்த மூன்று விசாரணைகளையும் எல்லாத் தொழில்களுக்கும் எடுத்துப் போகலாம். எந்தக் காலத்தின் எண் இது? எதை எதோடு ஒப்பிடுகிறோம்? சராசரிக்குள் யார் ஒளிந்திருக்கிறார்கள்? மருத்துவமனைப் படுக்கைகள், வங்கியின் கடன் விண்ணப்பங்கள், லாரிகளின் காத்திருப்பு நேரம் என்று எதற்கும் இவை பொருந்தும். ஒரு ப்ராஜெக்டில் கற்றதை அடுத்த தொழிலுக்குக் கொண்டுபோக முடிவது இத்தகைய கேள்விகளால்தான்.

புதிய தொழிலை இரண்டு வாரத்தில் படிப்பது

புதிய ப்ராஜெக்ட் என்றதும் பலர் கூகுளில் தொழில்துறை அறிக்கைகளைத் தேடத் தொடங்குகிறார்கள். அவற்றில் பாதி, விற்பனைக்கு வைத்த அறிக்கையின் முன்னோட்டம். இலவசமாகவும் நம்பகமாகவும் கிடைப்பவை வேறு.

பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில், நிர்வாகத்தின் ஆய்வு என்ற பகுதியை முதலில் படியுங்கள். போட்டி நிறுவனங்கள் மூன்றின் அந்தப் பகுதியை அடுத்தடுத்துப் படித்தால், மூவரும் எதைக் குறித்துக் கவலைப்படுகிறார்கள் என்று தெரியும். அடுத்து, கிரிசில், இக்ரா, கேர் போன்ற தர மதிப்பீட்டு நிறுவனங்கள் தங்கள் தளங்களில் வெளியிடும் மதிப்பீட்டு விளக்கங்கள். பட்டியலிடப்படாத நடுத்தர நிறுவனங்களைப் பற்றியும் அவற்றில் இரண்டு மூன்று பக்கத்தில் பலங்கள், பலவீனங்கள், கடன் நிலை எல்லாம் சுருக்கமாக இருக்கும். ஒரு நிறுவனம் பங்குச் சந்தைக்கு வருமுன் செபியிடம் தாக்கல் செய்யும் வரைவு ஆவணத்தில், அந்தத் தொழிலைப் பற்றிய நீண்ட அத்தியாயமும் அபாயங்களின் பட்டியலும் உண்டு. பெரிய நிறுவனங்கள் காலாண்டு முடிவுகளுக்குப் பின் ஆய்வாளர்களோடு நடத்தும் உரையாடலின் எழுத்து வடிவம் பங்குச் சந்தைத் தளங்களில் கிடைக்கும். அதில் கேள்விகளை மட்டும் படித்தாலே, விவரம் தெரிந்தவர்கள் அந்தத் தொழிலில் எதைப் பார்க்கிறார்கள் என்று புரியும்.

இரண்டாம் வாரம் ஆலைக்குப் போங்கள். கான்ஃபரன்ஸ் அறையில் உட்கார்ந்துவிடாமல், மூலப்பொருள் இறங்கும் கேட்டிலிருந்து சரக்கு ஏறும் இடம் வரை நடந்து பாருங்கள். எங்கே பொருள் குவிந்து நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் பணமும் அங்கேதான் நிற்கும். ஃபோர்மேன், ஸ்டோர் கீப்பர், கணக்குப் பிரிவில் பில் போடுபவர் ஆகியோரிடம் பேசுங்கள்.

தமிழ்வழிப் பள்ளியிலிருந்தும் சிறு நகரங்களிலிருந்தும் வந்தவர்களுக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் ஸ்லைடு எழுதுவதில் உங்களுக்கு இருக்கும் தயக்கத்தைப் பயிற்சியால் போக்கிவிடலாம். ஆனால் ஸ்டோர் கீப்பரிடம், "அண்ணே, இந்த ரேக்குல இருக்கற சரக்கு எத்தனை மாசமா இங்கயே கிடக்குது?" என்று இயல்பாகக் கேட்டு, அவர் மனம் விட்டுச் சொல்வதைக் கேட்டு வருவது எளிதில் பயிற்றுவிக்கக் கூடியதல்ல. தமிழ்நாட்டின் ஆலைகளில் அது உங்கள் பலம். அதைக் குறைவாக எண்ண வேண்டாம்.

இரண்டு வாரம் முடிந்ததும் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: இந்தத் தொழிலில் ஒரு ரூபாய் விற்பனையில் எதற்கு எவ்வளவு போகிறது, விலையைத் தீர்மானிப்பது யார், எந்த மூன்று எண்கள் நன்றாக இருந்தால் தொழில் நன்றாக இருக்கும். எழுத முடியாத இடம்தான் அடுத்து நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி.

நினைவில் நிற்க வைப்பது

படித்ததையே திரும்பப் படிப்பதால் வரும் தெளிவு ஏமாற்றக்கூடியது. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பேர்பெற்றது. மாணவர்களில் ஒரு பிரிவினர் ஒரு பாடத்தை மீண்டும் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மீண்டும் படித்தவர்கள்தான் முன்னே இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழானது: எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதத்தையும் மீண்டும் படித்தவர்கள் 42 சதவீதத்தையும் நினைவுகூர்ந்தார்கள்.

ஆகவே வெள்ளிக்கிழமை மாலை அரை மணி நேரத்தை உங்கள் காலண்டரில் அடைத்துவையுங்கள். கோப்புகளைத் திறக்காமல், அந்த வாரத்தில் கற்ற மூன்று விஷயங்களை நினைவிலிருந்து எழுதுங்கள். எழுதிய பிறகு கோப்பைத் திறந்து சரிபாருங்கள். ப்ராஜெக்ட் முடியும்போது டீமாக உட்கார்ந்து இன்னொன்றும் செய்யலாம். அமெரிக்க ராணுவம் 1970-களில் பயிற்சிக் களங்களில் தொடங்கிய பின்னாய்வு முறை நான்கு கேள்விகளால் ஆனது: என்ன நடக்க வேண்டும் என்று திட்டமிட்டோம்? என்ன நடந்தது? ஏன் வித்தியாசம்? அடுத்த முறை எதைத் தொடர்வோம், எதை மாற்றுவோம்? இதில் பதவி வேறுபாடு பார்க்காமல் எல்லோரும் பேச வேண்டும் என்பது முக்கியமான விதி. மேனேஜர் இதை ஏற்பாடு செய்வார் என்று காத்திருக்க வேண்டாம். டீமில் இளையவரே கேட்டு ஏற்பாடு செய்தால் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.

கேட்டு வாங்கும் கலை

"எனக்கு ஏதாவது ஃபீட்பேக் இருக்கா?" என்று கேட்டால், "நல்லாத்தான் பண்ணற, இப்படியே போ" என்ற பதில்தான் வரும். அவசரத்தில் இருப்பவருக்கு அதைவிட அதிகம் யோசிக்க நேரமில்லை. கேள்வியைச் சிறிதாக்குங்கள்.

"மேடம், மூணாவது ஸ்லைடுல தலைப்பையே மாத்திட்டீங்க. நான் எழுதினதுல எது குறைஞ்சுது?"

"சார், சிஎஃப்ஓ கேட்ட ரெண்டாவது கேள்விக்கு நான் சொன்ன பதில்ல எதை விட்டுட்டேன்?"

இதற்கு இரண்டு நிமிடத்தில் பதில் வரும், அந்தப் பதிலில் பாடம் இருக்கும். கூட்டம் முடிந்து காரில் திரும்பும் வழி இதற்கு நல்ல நேரம். கிடைத்த பதிலை அடுத்த வேலையில் கையாண்டு, "போன வாரம் நீங்க சொன்னபடி இதை மாத்தியிருக்கேன், பாருங்க" என்று காட்டுங்கள். சொன்னதைப் பிடித்துக்கொள்கிறவர் என்று தெரிந்தால் மேனேஜர் தானாகவே இன்னும் சொல்லித்தருவார்.

கேட்குமுன் நீங்களே முயன்றிருக்க வேண்டும். எதைப் பார்த்தீர்கள், எங்கே நின்றீர்கள், உங்கள் ஊகம் என்ன என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் சிக்கி நிற்கவும் வேண்டாம். அந்த நேரத்துக்கும் கிளையன்ட் பணம் கொடுக்கிறார்.

ஏஐ கருவிகள்: எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது

2023-இல் ஹார்வர்டு உள்ளிட்ட பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பின் 758 ஆலோசகர்களை வைத்து ஜிபிடி-4 கருவியைச் சோதித்தார்கள். கருவிக்கு ஏற்ற வேலைகளில், அதைப் பயன்படுத்தியவர்கள் 12 சதவீதம் அதிக வேலையை, 25 சதவீதம் விரைவாகச் செய்தார்கள், தரமும் உயர்ந்தது. கருவிக்கு எட்டாத வகையில் ஆய்வாளர்கள் வடிவமைத்த ஒரு வேலையில், எண்களையும் நேர்காணல் குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் சரியான விடை கிடைக்கும். அதில் கருவியைப் பயன்படுத்தியவர்கள் சரியான முடிவுக்கு வரும் வாய்ப்பு 19 சதவீதப் புள்ளி குறைந்தது.

தொடக்க நிலையில் இருப்பவருக்கு இதில் உள்ள பாடம் பெரியது. எந்த வேலை எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள, அந்த வேலையை நீங்களே செய்து பழகியிருக்க வேண்டும். பம்பு நிறுவனத்தின் 91 நாள் கணக்கைக் கருவி நொடியில் போட்டுவிடும். பருவத்தையும் ஜிஎஸ்டியையும் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் அது போதாது என்று தெரியும். எனவே முதல் ஆண்டில் ஓர் ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் உங்கள் விடையை எழுதுங்கள், பிறகு கருவியிடம் அதில் குறை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், அது சொன்னதை மூலத்தோடு சரிபாருங்கள்.

கிளையன்டின் கோப்பையோ பெயரையோ எண்களையோ நிறுவனம் அனுமதிக்காத எந்தக் கருவியிலும் போடாதீர்கள். உங்கள் சொந்தக் குறிப்பேட்டிலும் முறையை எழுதுங்கள், கிளையன்டின் ரகசியத்தை எழுதாதீர்கள். பட்டியலிடப்பட்ட நிறுவனத்தோடு வேலை செய்யும்போது, இன்னும் வெளிவராத, பங்கு விலையைப் பாதிக்கக்கூடிய தகவல் உங்கள் கையில் இருக்கலாம். அதை வைத்துப் பங்கு வாங்குவதும் பிறருக்குச் சொல்வதும் செபியின் 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி குற்றம். வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் இது பொருந்தும்.

கோர்ஸ்களும் பெஞ்ச் காலமும்

ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருக்கும் வாரங்களில் பதற்றம் வரும். கண்ணில் பட்ட கோர்ஸ்களில் எல்லாம் சேர்ந்து ஒன்றையும் முடிக்காமல் விடுவது அந்தப் பதற்றத்தால்தான். ஒரு கோர்ஸைத் தொடங்குமுன் ஒன்றை மட்டும் கேளுங்கள்: அடுத்த மூன்று மாதத்தில் இதை எந்த வேலையில் பயன்படுத்துவேன்? பதில் இருந்தால் சேருங்கள். ஐஐடிகளும் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல்லில் புள்ளியியல், செயலாக்க மேலாண்மை, தரவு ஆய்வு என்று பல பாடங்களை இலவசமாகப் படிக்கலாம், சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். சிஎஃப்ஏ போன்ற நீண்ட தேர்வுகள், எந்தத் துறையில் நிற்கப்போகிறீர்கள் என்று தெரிந்த பிறகு எடுக்க வேண்டியவை. பெஞ்ச் காலத்தில் இன்னொரு நல்ல வேலையும் உண்டு. நிறுவனத்தின் அனுமதியோடு பழைய ப்ராஜெக்ட் அறிக்கை ஒன்றை எடுத்து, முடிவைப் படிக்காமல் அதன் எண்களை மட்டும் வைத்து நீங்களே ஒரு முடிவுக்கு வந்து, பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் அப்ரைசலில் நல்ல மதிப்பெண் வாங்குவதற்காக மட்டும் சொல்லவில்லை. நாம் பரிந்துரைக்கும் ஒரு வரியை நம்பி ஒரு முதலாளி கடன் வாங்குகிறார், ஒரு பிரிவை மூடுகிறார், ஆட்களைச் சேர்க்கிறார் அல்லது நிறுத்துகிறார். நாம் அடுத்த கிளையன்டிடம் போய்விடுவோம். அவர்கள் அந்த முடிவோடு அங்கேயே வாழ வேண்டும். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாமல், தெரிந்துகொண்டு எழுதுவது அவர்களுக்கு நாம் பட்ட கடன்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

முதல் வாரம்: அண்மையில் திருத்தப்பட்ட உங்கள் டிராஃப்ட் இரண்டை எடுத்து, திருத்தங்களை நான்கு வகையாகப் பிரியுங்கள்.

இரண்டாம் வாரம்: இப்போதைய ப்ராஜெக்டின் மிக முக்கியமான எண்ணை எடுத்து, காலம், அளவுகோல், சராசரி என்ற மூன்று விசாரணைகளையும் நடத்துங்கள். எண் மாறினால் அன்றே மேனேஜரிடம் சொல்லுங்கள்.

மூன்றாம் வாரம்: கிளையன்டின் போட்டி நிறுவனங்கள் மூன்றின் ஆண்டறிக்கைகளைப் படித்து, தொழிலைப் பற்றிய ஒரு பக்கக் குறிப்பை எழுதுங்கள். கிளையன்ட் தரப்பில் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டி, எங்கே தவறு என்று கேளுங்கள்.

நான்காம் வாரம்: உங்களுக்குப் பின் சேர்ந்த ஒருவரை அழைத்து, இந்த மாதம் கற்றதில் ஒன்றை இருபது நிமிடத்தில் சொல்லிக்கொடுங்கள். அவர் கேட்கும் கேள்விகளில் பதில் சொல்ல முடியாதவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதத்துக்கான பட்டியலை அவற்றிலிருந்து தொடங்குங்கள்.